உங்கள் பெயரில் வரைந்தவை

என்னங்க,

"பொம்பளை பேர்ல கேட்டா எவனும் வேலை குடுக்க மாட்டான், என் பேர்லயே பண்ணிக்கினு இரு" என்றீர்கள். நம்பினேன். இன்டர்நெட்டில் வந்த லோகோ வேலைகளையெல்லாம் திண்டிவனத்தில் உட்கார்ந்து நான்தான் வரைந்தேன். அவற்றைக் காட்டித்தான் உங்களுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அதன் பிறகும் ஆபீஸ் வேலையை எனக்கே அனுப்பினீர்கள். முகம் சுளிக்காமல் செய்தேன்.

போன வாரம் உங்கள் மேனேஜர் மயிலம் கோயிலுக்குப் போகும் வழியில் குடும்பத்தோடு நம் வீட்டுக்கு வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் கைவண்ணமே தனிம்மா. உங்களுக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாதாமே, சொல்லிச் சிரிப்பாரு" என்றார்.

உங்களைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன். பிறகு அழுதேன்.

அன்றே இன்டர்நெட்டில் லோகோ வேலைக்கு என் பெயரில் பதிந்துகொண்டேன். முதல் வேலை நேற்றே கிடைத்துவிட்டது. இந்த வாரம் நீங்கள் அனுப்பிய ஆபீஸ் வேலையை நான் தொடவில்லை. திங்கட்கிழமைக்குள் நீங்களே வரைந்து கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி