கோட்டில் விழுந்த பந்து

நவம்பர் 11, 2024

காலையிலேயே தோள்பட்டை தகராறு. சர்வ் போட்டுக் காட்டக் கையைத் தூக்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். இந்தத் தோளோடு பதினோரு வருஷம் டென்னிஸ் ஆடிச் சம்பாதித்தேன் என்றால் எவர் நம்புவார்? தாஷ்கண்ட், கெய்ரோ, எங்கெங்கோ. உலகத் தரவரிசையில் நானூற்றுச் சொச்சம் வரை வந்தேன். அப்புறம் இரண்டு ஆபரேஷன். அப்புறம் மும்பை செம்பூரில் கோச், பிள்ளைகளுக்கு 'சுஷ்மா மேம்'.

மாலையில் கிளப் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். டீ வந்தது, பிஸ்கட்டும் வந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்தேரி அகாடமி ஒன்று எங்கள் இரண்டு கோர்ட்டையும் கேட்கிறதாம். டிசம்பருக்குள் என் பிள்ளைகளில் ஒருத்தராவது மாநில ஜூனியர் போட்டி ஒன்றில் பைனலுக்கு வந்தால் கமிட்டியிடம் எனக்காகப் பேசுவாராம். இல்லையென்றால் ஜனவரியிலிருந்து கோர்ட் அவர்களுக்கு.

மிச்சம் இருப்பது இரண்டே போட்டி. பைனலுக்குப் போகக்கூடியவள் என்னிடம் ஒருத்திதான்.

நவம்பர் 13

அந்த ஒருத்தி அஃப்ஷா. பதினைந்து வயது. அவள் வாப்பா ரஹ்மத்துல்லாவுக்குத் தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை. ஸ்கூட்டரில் முன்னால் சாம்பிள் பைகள், பின்னால் மகள். தினமும் ஒரே கேள்விதான். "டீச்சர், புள்ள தேறிருவாளா?"

தேறுவாள். இன்று அவள் பேக்ஹேண்டை வாங்கிய என் இன்னொரு பிள்ளை மாரிசெல்விக்கு ராக்கெட்டே கையைவிட்டுப் போய்விட்டது.

நவம்பர் 24

தாணே. அரையிறுதி. தோல்வி.

ஜூனியர் ஆட்டங்களில் கோர்ட்டுக்கு ஒரு அம்பயர் கிடையாது. தன் பக்கம் விழும் பந்தை, உள்ளே வெளியே என்று ஆடுகிறவளே சொல்ல வேண்டும். சந்தேகம் என்றால் பந்து எதிராளிக்கு. ராக்கெட் பிடிக்கச் சொல்லித்தரும் முன்பே நான் இதைத்தான் சொல்லித்தருவேன்.

மூன்றாவது செட், டைபிரேக், எதிராளிக்கு மேட்ச் பாயிண்ட். இதை எடுத்தால் ஆட்டம் அவளுக்கு. எதிராளி அடித்தது நாலு விரல் வெளியே. நான் கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்தேன், தெளிவாகப் பார்த்தேன். அஃப்ஷா ஓடிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. உள்ளங்கையைத் தரைப்பக்கம் காட்டிவிட்டாள். 'உள்ளே' என்று அர்த்தம். முடிந்தது.

கேட்டருகே எல்லார் முன்னாலும் கத்தினேன். "நாலு விரல் வெளிய போச்சுடி! தர்மம் பண்ணவா இவ்ளோ தூரம் வந்தோம்?"

"பக்கா தெரியல மேம். நீங்கதானே சொன்னீங்க, டவுட்னா..."

"அதுக்காக மேட்ச் பாயிண்ட்லயா?"

அவள் ராக்கெட் உறையின் ஜிப்பை மூடித் திறந்து மூடிக்கொண்டே நின்றாள்.

நவம்பர் 25

அது அவளுக்காகப் போட்ட கத்தல் இல்லை. என் கோர்ட்டுக்காக. நாளைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 29

சொல்லவில்லை. அவள் நன்றாகத்தான் ஆடுகிறாள், எதற்குக் கிளற வேண்டும் என்று... சாக்குத்தான்.

டிசம்பர் 3

பயிற்சி ஆட்டம். மாரிசெல்வியின் பந்து கோட்டின் மேலேயே விழுந்தது. அஃப்ஷா விரலை உயர்த்தி "அவுட்" என்றாள். படக்கென்று, யோசிக்காமல்.

மாரிசெல்வி என்னைப் பார்த்தாள். நான் பந்துக் கூடையை நகர்த்துகிற மாதிரி குனிந்துகொண்டேன். ஏன் குனிந்தேன்? இந்த வேகம் போட்டியில் உதவும் என்று தோன்றியது. ஆமாம், தோன்றியது. எழுதிவிட்டேன்.

டிசம்பர் 14

நாளை மறுபடி அரையிறுதி. இதுதான் கடைசி. அப்பா மிளகு ரசம் வைத்தார்.

டிசம்பர் 15

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

எதிரில் புனேப் பெண். மூன்றாவது செட், ஐந்துக்கு நாலு, அஃப்ஷாவுக்கு மேட்ச் பாயிண்ட். புனேப் பெண் அடித்த பந்து என் மூக்குக்கு நேராக, கோட்டில் விழுந்தது. வெள்ளையில். சந்தேகமே இல்லை. அஃப்ஷாவும் பக்கத்தில்தான் நின்றாள்.

"அவுட்!"

சொல்லிவிட்டு வலைப்பக்கம் போகவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஹோம்வொர்க்கை நீட்டுகிற பிள்ளை மாதிரி. இப்போ சரியா மேம்?

ஐயோ. நான் சொல்லிக்கொடுத்ததுதான் அது.

சும்மா இருந்தால் பைனல். கோர்ட் என்னுடையது. எழுந்துவிட்டேன். "அஃப்ஷா, பந்து லைன்ல!"

ரெஃப்ரீ ஓடி வந்தார். வெளியிலிருந்து பேசக் கூடாது என்று எனக்குத் திட்டு, அவளுக்கு எச்சரிக்கை. பிறகு அவளிடம், உன் முடிவு என்ன என்றார். "உள்ளே" என்றாள். அதற்குப் பிறகு ஒரு கேம்கூட எடுக்கவில்லை. ஏழு-ஐந்து, தோல்வி.

ரஹ்மத்துல்லா சத்தம் போடவில்லை. "அன்னைக்கு விட்டுக்குடுத்தான்னு ஏசினிய. இன்னைக்கு விட்டுக்குடுக்கலன்னு ஏசுதிய. புள்ள எதத்தான் கேக்கும் டீச்சர்?"

அஃப்ஷா அதற்குள் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்பயர் சம்பளம் உனக்கா குடுக்கறா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலேயே தோளுக்கு வெந்நீர்ப் பை கொண்டுவந்து வைத்தார்.

டிசம்பர் 20

அஃப்ஷா அந்தேரி அகாடமியில் சேர்ந்துவிட்டாள். ஜனவரியில் அவர்கள் இங்கே வருகிறார்கள். அவளுக்கு அதே கோர்ட், வேறு கோச்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மன்னிப்பை வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்தது.

டிசம்பர் 31

வலையைக் கழற்றிச் சுருட்டினேன். அது கிளப்புடையது என்று வாட்ச்மேன் திரும்ப வாங்கிக்கொண்டான்.

பிப்ரவரி 6, 2025

மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், இப்போது என் பயிற்சி இங்கேதான். பாஸ்கெட்பால் கோடு மஞ்சள், வாலிபால் நீலம், டென்னிஸ் வெள்ளை. புதுப் பிள்ளைகள் எந்தக் கோடு யாருடையது என்று தடுமாறுகிறார்கள். பழைய பிள்ளைகளில் மாரிசெல்வி மட்டும் வந்திருக்கிறாள்.

ஏப்ரல் 13

மாநில ஜூனியர் போட்டி. காலிறுதியில் மாரிசெல்விக்கு எதிராக அஃப்ஷா.

அவள் பின்னால் அகாடமி கோச், கேமரா, ஸ்டாண்டு. ரஹ்மத்துல்லா எனக்குத் தலையசைத்தார், அவ்வளவுதான். முதல் செட் அஃப்ஷாவுக்கு. இரண்டாவதில் மாரிசெல்விக்கு செட் பாயிண்ட். அவள் ஓங்கி அடித்த பந்து அஃப்ஷாவின் மூலையில், கோட்டை ஒட்டி விழுந்தது. நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. அகாடமி கோச் முழங்கால் மேல் வைத்திருந்த கையில் ஒரு விரலை மட்டும் மெல்ல நிமிர்த்தினார்.

அஃப்ஷா அவர் பக்கம் பார்க்கவில்லை. உள்ளங்கையைத் தரைப்பக்கம் காட்டினாள்.

செட் எங்களுக்கு. மாரிசெல்வி துள்ளிக் குதித்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். அஃப்ஷா என்னையும் பார்க்கவில்லை. அடுத்த செட்டுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டே கோட்டருகே போய் நின்றுவிட்டாள்.