வேண்டாம் வெட்டு

ராய்ப்பூர்
24.9.2024

அண்ணன் கலையரசனுக்கு ரஞ்சிதா எழுதிக்கொள்வது.

நீயும் நர்மதா அண்ணியும் குழந்தைகளும் அஸ்தம்பட்டி வீட்டில் சுகமாகத்தான் இருப்பீர்கள். அதனால் நலம் விசாரிக்கவில்லை.

போனில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு மூடிவிடுவாய். காகிதம் என்றால் அண்ணியின் கண்ணிலாவது படும். எனக்கு எட்டு வயதில் காய்ச்சலில் காது போனது. அன்றிலிருந்து இன்றுவரை நீ ஒரு சைகையும் கற்றுக்கொள்ளவில்லை. ஏதாவது சொல்ல வந்தால் எழுதிக் காட்டு என்பாய். இதோ எழுதிவிட்டேன், உட்கார்ந்து படி.

உன் மாப்பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். எழுத்தில் அவருக்குப் பத்து இருபது வார்த்தைதான் வரும், அதையும் முன்பின்னாகப் போடுவார். கையால் பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் நிறுத்தமாட்டார். அவர் இங்கே போர்வெல் போடும் ரிக் வண்டிப் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் ஏழு மணிக்கு வேலை முடிந்து குளித்துவிட்டு வீடியோவில் வருவார். எங்கள் குடித்தனம் நடந்ததே அதில்தான். நானும் அம்மாவும் இருக்கும் நம் தோட்டத்து வீட்டில் செல்போன் சிக்னல் நிற்பதில்லை. புதுச்சத்திரத்தைச் சுற்றி ஆறு ஊருக்கும் நீ நடத்தும் ஃபைபர் இன்டர்நெட் லைனை விட்டால் வேறு இல்லை. இது உனக்குத் தெரியாததா?

ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்திலிருந்து சாயங்காலம் ஆறு மணி ஆனால் படம் உறைய ஆரம்பித்தது. அவர் கை பாதியில் நின்றுவிடும். அடுத்து அசையும்போது வேறு பேச்சில் இருப்பார். நடுவில் என்ன சொன்னார் என்று தெரியாது. திரும்பச் சொல்லுங்கள் என்று நான் காட்டினால் அது அவருக்குப் போய்ச் சேராது. நான் வேண்டுமென்றே துண்டிப்பதாக அவர் நினைத்தார். அங்கே வேறு யாருக்கோ நேரம் ஒதுக்குகிறார் என்று நான் நினைத்தேன். ஒரு மாதம் இப்படியே சண்டை போட்டோம். சண்டைகூட முழுசாகப் போட முடியவில்லை.

உனக்கு மூன்று தடவை மெசேஜ் அனுப்பினேன். ரவுட்டரை அணைத்துப் போடு என்றாய். மழை, லைனில் கோளாறு என்றாய். அந்த வாரம் நம் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. ஆனாலும் அண்ணன் பொய் சொல்வான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்பதாம் தேதி இரவு அவர் கூப்பிட்டார். படம் கட்டம் கட்டமாக உடைந்து வந்தது. வலது கையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, துண்டு என்று நினைத்தேன். இடது கையை வீசி வீசிக் காட்டினார். போ போ என்பது போல இருந்தது. நாலு தடவை கூப்பிட்டார், நாலு தடவையும் உறைந்தது. கடைசியில் இரண்டு வார்த்தை எழுதி அனுப்பினார்: வேண்டாம் வெட்டு.

ஒரு மாதச் சண்டைக்குப் பிறகு அதை நான் எப்படி எடுத்துக்கொள்வேன்? நீ வேண்டாம், உறவை வெட்டிவிடு என்றுதான் படித்தேன். பதில் போடவில்லை. அடுத்த மூன்று நாளும் அவர் கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை. இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

பதின்மூன்றாம் தேதி அவர் வீட்டு உறவே வேண்டாம் என்று வக்கீலைப் பார்க்க நாமக்கல் கிளம்பினேன். புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் அதிர்ந்தது. அங்கே சிக்னல் நன்றாக இருக்கும், உன் லைன் இல்லை. எடுத்தேன். படம் தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். வலது கை முழுக்கக் கட்டு.

ரிக் பைப் உருண்டு விரல்கள் நசுங்கியிருக்கின்றன. தமிழ் தெரிந்த மேஸ்திரி அந்த வாரம் திருச்செங்கோடு வந்திருந்தார். மற்றவர்கள் இவரைச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்கள். டாக்டர் விரலை வெட்ட வேண்டும் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார். இவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு, என்னிடம் கேட்கத்தான் அத்தனை தடவை கூப்பிட்டார். வெட்ட வேண்டும் என்கிறார்கள், எனக்கு வேண்டாம், யாரிடமாவது பேசு. அதைத்தான் இரண்டு வார்த்தையில் எழுதினார்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து நேராக எதிரிலிருந்த உன் ஆபீசுக்குள் போனேன். இலக்கியா கவுண்டரில் இருந்தாள். ஏன் இங்கே தெளிவாக வருகிறது, வீட்டில் வருவதில்லை என்று எழுதிக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் ரசீதின் பின்பக்கம் எழுதினாள்: "அக்கா, அது கோளாறு இல்லீங்க. ஆறு மணிக்கு மேல வெளி ஆப்புல வர்ற வீடியோ கால் எல்லாத்தையும் அண்ணன்தான் மெதுவாக்கச் சொன்னாருங்க. நம்ம கம்பெனி ஆப்புல பேசுனா மட்டும் வேகமா போகுமுங்க." உன் ஆப்பில் உன் லைன் வைத்திருப்பவர்கள்தான் பேச முடியும். ராய்ப்பூர் ஆஸ்பத்திரிக்கு உன் லைன் வருகிறதா? இலக்கியா போன வாரம் வேலையை விட்டுவிட்டாள். அதனால்தான் அவள் பேரை எழுதுகிறேன், அவள்மேல் இனி நீ பாய முடியாது.

அங்கே நின்றபடியே உன்னைக் கேட்டேன். நீ அனுப்பிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. "எல்லா கம்பெனிக்காரனும் உள்ளுக்குள்ள பண்றதுதான். அவசரம்னா சாதாரண கால்ல பேசிக்க வேண்டியதுதானே."

சாதாரண காலில் பேசச் சொல்கிறாய். யாரிடம் சொல்கிறோம் என்று ஒரு நொடி யோசித்தாயா?

நான் வந்து சேர்வதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டரை எழுதிக் கேட்டேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நீதான் வெட்டினாய் என்று நான் எழுதமாட்டேன். நாலு நாளில் ஒரு நாள் உன் லைனில் போனது, மூன்று நாள் என் வீம்பில் போனது. என் பங்கை நான் சுமந்துகொள்கிறேன். உன் பங்கை நீ எடுத்துக்கொள்.

நேற்று கட்டுப் பிரித்தார்கள். அவர் என் பேரைச் சைகையில் காட்டினார். அதற்குச் சுண்டுவிரலை நீட்ட வேண்டும். மூன்று தடவை முயற்சி செய்துவிட்டு, கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

தொலைத்தொடர்புத் துறைக்குப் புகார் எழுதிவிட்டேன். லைனில் போவது எதுவானாலும் ஒன்றை வேகமாகவும் ஒன்றை மெதுவாகவும் விடக்கூடாது என்று உன் உரிமத்திலேயே இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்ட காகிதம்தானே அது? உன் பதிலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். விசாரிக்க ஆள் வருவதாகத் தகவல் வந்திருக்கிறது.

உடனே சரிசெய்துவிட்டாயாம். இப்போது ஏழு மணிக்கும் படம் ஓடுகிறதாம், அம்மா எழுதியிருந்தாள். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையை ஒன்றரை மாதமாக லைன் கோளாறு என்றாய். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள், அண்ணன் பொழப்பில் மண்ணள்ளிப் போடாதே சாமி என்று அம்மா கெஞ்சுகிறாள். அவளைத் தூது விடாதே. திரும்ப வாங்கமாட்டேன். அதிகாரி கேட்டால் மழை என்று சொல்லாதே, செய்ததைச் செய்தேன் என்று சொல். நான் உன்னிடம் கேட்பது இது ஒன்றுதான்.

அக்டோபர் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, நாங்கள் ஊருக்கு வருகிறோம். சென்னையில் வண்டி மாறி, காலை பதினொரு மணிக்குள் சேலம் ஜங்ஷனில் இறங்குவோம். டி-5 பெட்டி. அம்மா கேட்டால் சொல்வதற்காக எழுதுகிறேன், உன்னை வரச் சொல்லி இல்லை. அவர் இடது கையால் சாமான் தூக்கிக்கொள்வதாகச் சொல்கிறார். நான் விடப்போவதில்லை. இரண்டு பெட்டி, இரண்டும் கனம்.

குழந்தைகளுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் தங்கை
ரஞ்சிதா