கிராணி சொன்ன முடிவு

கிராணி, இது இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்காது. செத்தவர்களுக்கு மறதி ஒரு வசதி. ஃபெரியில், வேன் கண்ணாடியில் உப்புக் காற்று படிந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஸ்டியரிங்கைத் தட்டிச் சொன்னேன்: "இந்தப் பொஸ்தகம் ஒரு நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் சண்டை மூட்டி விடும் பாரு." பக்கத்தில் நின்ற லாரிக்காரன் சாட்சி. அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான், நான் என்ன செய்ய? இந்தத் தீவில் நடந்ததில் பாதியை முன்கூட்டியே சொன்னவன் நான். யாரும் காது கொடுக்காததால் பெயர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். நீ எதிரில் இருந்தால் இன்னும் நன்றாகப் போடுவேன்.

கிளப்பிவிட்டது ஒரு கிண்ணம் ஜாதிக்காய். போன சனிக்கிழமை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், ஒரு கடைவீட்டு மாடியில் வாசகர் கூட்டம். என் தங்கை மகள் மல்லிகா அழைத்துப் போனாள். மேசையில் கறி அடைத்த கரிபாப், ஆற்றிய தே தாரிக் டீ, நடுவில் பாலிக் புலாவ் ஊர் ஜாதிக்காய், மெல்லிசாகச் சீவிச் சீனிப்பாகில் ஊறவைத்தது. ஒரு துண்டை வாயில் போட்டேன். அந்தக் காரமும் புளிப்பும் மூக்கில் ஏறியதும் நீ வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். ஃபெரியில் எனக்குக் கதை சொல்லும்போது மூச்சு முட்டும் கட்டம் வந்தால் நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கடலைப் பார்ப்பாயே, அதே வாசனை.

கூட்டத்தில் எடுத்துக்கொண்டதும் நீ சொன்ன அந்தப் புத்தகம்தான். வறண்ட கிணற்றில் இறங்கி, சூரியனே இல்லாத ராஜ்யத்துக்குப் போகும் மூன்று பிள்ளைகளின் கதை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாய்ப் படித்ததை இப்போது யாரோ தமிழில் போட்டிருக்கிறார்கள். மல்லிகா கையில் அதைப் பார்த்ததும், "இதா? எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லிவிட்டேன். பொய்யும் இல்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது உண்மை. ஆனால் அந்தக் கதையை நான் ஒரு தடவையா கேட்டேன்?

நீ கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி, நான் அதே ஆபீஸ் வேன் டிரைவர். தீவுக்குப் பாலம் வருவதற்கு முந்திய காலம். பட்டர்வொர்த் கிடங்குக்குக் காகிதம் கொண்டுபோகிற நாளெல்லாம் ஃபெரியில் எனக்குக் கதை. நீ இங்கிலீஷில் படித்துவிட்டு வந்து தமிழில் சொல்வாய். அக்கரையில் வண்டிகள் வெளியேற இரும்புத்தட்டி டமார் என்று இறங்கினால் அன்றைய அத்தியாயம் முடிந்தது. கேட்க மாலுமிகளெல்லாம் வேனைச் சுற்றி நிற்பார்கள். கதையில் ஒற்றைக்கண் ஆமை வலையில் மாட்டிய அன்று, அது தப்பிக்கட்டும் என்று கேப்டன் நடுக்கடலில் எஞ்சினை மெதுவாக்கினார். மல்லிகா நம்பவில்லை. படித்த பிள்ளை, அப்படித்தான் இருக்கும்.

கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். "யாரு மொதல்ல பேசறீங்க?" என்றதும் நான் கையைத் தூக்கினேன். அவர் பார்க்காத மாதிரி, 'நாசி கண்டார்' சோற்றுக்கடைக்காரர் ஒருவரின் மகனைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன்.

"கெணத்துல எறங்கறதுக்கே பாதிப் பொஸ்தகம் போயிடுது லா," என்றான். "இப்ப உள்ள புள்ளைங்க அதுக்குள்ள போனைத் தூக்கிடும். ஆனா அந்த ஆமை சூப்பர்."

டீச்சருக்கு வேறு குறை. "மூணு புள்ளைங்கள்ல அந்தப் பொண்ணுக்கு மட்டும் என்ன வேலை? பாதாள லோகத்துக்குப் போயும் சூப்பு வைக்கிறா. அதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாம்."

நான் எழுந்தேன். ஆமை ஹொக்கியன் சீனத்தில் திட்டுகிற இடமெல்லாம் எனக்கு உயிர் என்றேன். பாதாள ராஜா நாசி கண்டார் வாங்க வரிசையில் நின்று, குழம்பை மாற்றி ஊற்றிவிட்டதற்காகப் போர் தொடுத்த கட்டத்தை நடித்தே காட்டினேன். மாடி குலுங்கியது. "அங்கிள், அது எங்க கடையா?" என்றான் பையன். என் ரசனையைப் பாராட்டுகிறார்கள் என்று நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அதெல்லாம் உன் சரக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு ஒரு தாதி பேசினார், ஆஸ்பத்திரி உடுப்போடு வந்தவர். "நான் என் மகனுக்குத் தெனமும் வாசிச்சுக் காட்டினேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிக்கல. மத்த ரெண்டு பேரும் மேல ஏறணும்னா கீழ ஒருத்தர் வெளக்கைப் புடிச்சிக்கிட்டே நிக்கணும். அந்தச் சின்னவன் நின்னுடறான். என் மகனும் வீட்டுல சின்னவன். எப்படிங்க வாசிக்கிறது? எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொல்லிப் பொஸ்தகத்தை மூடிட்டேன்."

"யாரும்மா சொன்னது?" என்றேன் நான். "சின்னவன் வந்துடுவான். அவங்கம்மா தெனமும் அவனுக்குச் சோத்துத் தட்டு வைப்பா. அந்தத் தட்டுச் சத்தம் கெணத்து வழியா கீழ கேக்கும். அதைப் புடிச்சிக்கிட்டே ஏறி வருவான். உங்க பொஸ்தகத்துல கடைசிப் பக்கம் கிழிஞ்சிருக்கும், பாருங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, நீங்க படிச்சது எந்தப் பதிப்பு?"

"ஃபெரிப் பதிப்பு," என்றேன்.

மல்லிகா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். கடைசிப் பக்கத்தைப் பிரித்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்தாள். தட்டு இல்லை, கிராணி. சோறு இல்லை. இன்னொரு பிள்ளை விழுந்துவிடக் கூடாது என்று அந்த அம்மா ஆள்விட்டுக் கிணற்று வாயில் கல்லைப் புரட்டி மூடுகிறாள். சின்னவன் கீழே விளக்கோடு நிற்கிறான். அவ்வளவுதான் கதை.

என் வாய் அடைத்து இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தார்கள். தாதி எனக்கு ஒரு கரிபாப்பை எடுத்து நீட்டினார், நோயாளிக்கு நீட்டுகிற மாதிரி.

மானம் போனது பெரிதில்லை. போனால் இரண்டு நாளில் திரும்பச் சம்பாதித்துவிடுவேன். என் வீட்டில் நீ செய்துவிட்டுப் போன காரியத்தைத்தான் கேட்கிறேன்.

என் தம்பி கப்பல் வேலைக்குப் போனான். இரண்டு மூன்று துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. அப்புறம் பேச்சுமூச்சு இல்லை. ஏதோ ஓர் ஊரில் கரை இறங்கினான், கப்பல் கிளம்பும்போது திரும்பவில்லை என்று மட்டும் சொன்னார்கள். ஒவ்வொரு கப்பல் வரும்போதும் நான் உன் மேசை முன்னால் வந்து நிற்பேன். நீ இல்லையென்று தலையை ஆட்டுவாய். டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டில் அம்மா அடுப்பு மூட்டுவதையே விட்டுவிட்டாள். நான் கடையில் வாங்கிப் போகிற சோறு பொட்டலத்திலேயே ஊசிப்போகும். இதையும் ஃபெரியில் உன்னிடம்தான் சொன்னேன். நீ ஜாதிக்காயை மென்றாய்.

அடுத்த பயணத்தில் கதையை முடித்தாய். தட்டுச் சத்தம் கேட்டுச் சின்னவன் படிப்படியாய் ஏறி வந்து, வாசலில் நின்று, "ஆத்தா, பசிக்குது" என்றான். இரும்புத்தட்டி இறங்கி எவ்வளவோ நேரம் ஆகியும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் தீவு முழுக்க ஹாரன் அடித்தது. "டிரைவரே, வண்டிய எடு, ஒதைக்கப் போறானுங்க," என்றாய்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன், என் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்து. "வெள்ளைக்காரன் பொஸ்தகத்துலயே போட்டிருக்கான்மா." எழுந்துபோய், தம்பியின் நீல விளிம்பு மங்குத் தட்டைத் தேடி எடுத்துத் தேய்த்துக் கழுவினாள். "ஒரு தட்டுக்கு மட்டும் எப்படிடா ஒலை வைக்கிறது?" என்று மூன்று பேருக்கும் சேர்த்து வடித்தாள். அன்றிலிருந்து அவளும் சாப்பிட்டாள். தம்பிக்கு வைத்த சோறு வீணாகக் கூடாது என்று கடைசியில் என் பக்கம் தள்ளுவாள். என் தொப்பைக்கு டாக்டர் சொல்கிற காரணமெல்லாம் தப்பு. அது என் தம்பியின் பங்கு.

காலம் போயிற்று. உறவுக்காரர்கள் வந்தார்கள். தர்ப்பையில் உருவம் செய்தாவது அவன் காரியத்தை முடித்துவிடுங்கள், ஆத்மா அலையக் கூடாது என்றார்கள். "சோறு போட்டு வச்சிருக்கேன். அதுக்குப் பக்கத்துல எள்ளை எப்படி எறைக்கிறது?" என்று அம்மா அவர்களை வாசலோடு அனுப்பினாள். நானும் அவள் பக்கம் நின்று, கிணற்றுக் கதையைச் சொல்லிச் சொல்லி அவர்கள் வாயை அடைத்தேன். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டேதான் அம்மா போனாள். தட்டு எனக்கு வந்தது. நான் தனிக்கட்டை. இரண்டு தட்டு வைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் பெயர் தெரியாத பாட்டனுக்கெல்லாம் எள்ளும் தண்ணீரும் உண்டு. என் தம்பிக்கு மட்டும் இல்லை. காரணம் நீ.

ஞாயிற்றுக்கிழமை உன் பெண்சாதியைப் பார்க்க பட்டர்வொர்த்துக்குப் போனேன். இப்போது ஃபெரியில் வேன் ஏறாது, கிராணி. ஆளும் மோட்டார்சைக்கிளும்தான். நம் வண்டி நிற்கிற இடத்தில் சுற்றுலா வந்த பிள்ளைகள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் காப்பி வைத்தாள். சுவரில் மாதா படத்துக்குக் கீழே நீ, பல்லைக் காட்டிக்கொண்டு. நான் சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் பொஸ்தகத்தோட முடிவ மாத்திச் சொல்லியிருக்கான். ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்ண்ணே," என்றாள், காப்பியை ஆற்றிக்கொண்டே. "அன்னிக்கு வீட்டுக்கு வந்து பொஸ்தகத்த அலமாரி மேல தூக்கிப் போட்டாரு. 'டிரைவரு ஆத்தா அடுப்பு மூட்டலயாம். நான் போயி, சின்னவன் அங்கேயே நின்னுட்டான், ஆத்தா கல்லப் போட்டு மூடிட்டான்னு சொல்லவா?'ன்னாரு. அப்புறம் ஒக்காந்து யோசிச்சாரு. 'ஒரு தட்டு வைக்கச் சொன்னா, ஒலை வச்சுத்தான ஆவணும்'னாரு. பாவசங்கீர்த்தனத்துல கூடச் சொன்னாராம். 'கதைய மாத்துனதெல்லாம் ஒரு பாவமாய்யா'ன்னு ஃபாதர் சிரிச்சுட்டாராம்."

"ஃபாதர் சிரிப்பாரு. அவரு தம்பியா போனான்? சரி, எங்கம்மா செத்தப்புறமாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் வந்தாரு. நீங்க எங்கண்ணே அவரப் பேச விட்டீங்க?"

காப்பி கசந்தது. சீனி போட்டிருந்தாள், இருந்தாலும் கசந்தது. ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த நாளில் நீ கையைத் தூக்கி ஏதோ சொல்ல வந்தாய். ஃபெரிக்குப் பின்னாலேயே ஒரு சுறா நம் வேனைத் துரத்தி வந்த கதையை நான் தாதிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கையைக் கீழே போட்டுவிட்டாய். தாதிகள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

ஆனாலும் உன்னை விடமாட்டேன். கையைத்தானே தூக்கினாய்? என் வாயைப் பொத்தியிருக்கலாம். "டிரைவரே, வாய மூடு, நான் சொன்னது பொய்" என்று நாலு வார்த்தை. அவ்வளவு இங்கிலீஷ் படித்தவனுக்கு நாலு வார்த்தையா கிடைக்கவில்லை? அம்மாவை நீ பிழைக்கவைத்தாய், சரி, ஒத்துக்கொள்கிறேன். என்னை ஏன் சின்னவன் மாதிரி அங்கேயே நிற்கவைத்துவிட்டுப் போனாய்?

திங்கட்கிழமை எங்கள் சந்தில் பழைய சாமான் லாரி வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். தகரத்தில் விழுந்த சத்தம் கேட்டது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கே கோயில் ஐயரிடம் போய், வருகிற அமாவாசைக்குத் தம்பி பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். எள், தர்ப்பை எல்லாம் அவரே கொண்டுவருவார்.

மல்லிகா அந்தப் புத்தகத்தை என் வீட்டிலேயே விட்டுப் போயிருக்கிறாள். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். ஆமை வாயே திறக்கவில்லை, வெறுமனே நீந்துகிறது. ராஜாவுக்குப் பசியே எடுப்பதில்லை. நீ சொன்னதில் கால்வாசிகூட அதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் என்னைக் கேட்டால், மட்டமான புத்தகம் என்றுதான் சொல்வேன். இத்தனை வருஷம் வாயில் வைத்துக்கொண்டு திரிந்தது உன் கதையை. இனி வேறு ஒன்றை ஏற்றிக்கொள்ள எனக்கு வயதும் இல்லை, பல்லும் இல்லை.

ஒன்று மட்டும் சரிசெய்துவிடுகிறேன். ஐயரிடம் சொன்னது உண்மை. தட்டை லாரியில் போட்டது நான் கதையில் சேர்த்தது. வாசல் வரை கொண்டுபோனேன். லாரிக்காரன் "அடா லாகி, அங்கிள்?" என்று மலாயில் மிச்சம் கேட்டுக் கை நீட்டினான். பழைய காற்றாடியை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இன்றைக்கு நெத்திலி சம்பால், தம்பிக்குப் பிடிக்கும். தட்டை வைக்கும்போது கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தேன்.