கதவூருக்கு எந்தப் பாதையால்?

என் அன்புத் தம்பி ராசனுக்கு,

நீர் போய் ஐந்து மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் இரண்டிலும் என் பக்கத்து நியாயம் கூடிப்போயிற்று. மூன்றாவதில் அழுகை கூடிப்போயிற்று. இது நான்காவது. இதை நூலகத்தில் கூடும் நமது வியாழக்கிழமைத் தமிழ்க் கூட்டத்தின் ஆண்டு மலரில் அச்சிடும்படி கேட்டிருக்கிறேன். நான் உமக்குச் செய்த பிழை எல்லோர் முன்னிலையிலும் செய்தது. அதைத் தனியாகச் சொன்னால் போதாது.

முதலில் ஊர்ப் புதினம். நூலகத்தில் நமது அறையை மாற்றிவிட்டார்கள். புதிய அறை வெளிச்சமானது, ஆனால் தேநீர் போட இடமில்லை. அங்கேயும் சன்னலோரம், நீர் வழக்கமாக உட்காரும் இடம் போல, ஒரு கதிரை இருக்கிறது. அதில் இருக்க வேண்டாம் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் ஒருவரும் அதில் இருப்பதில்லை.

நம்மை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், உமக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளும். நான் இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்தவன். நீர் மெல்பேர்னிலிருந்து பாலைவனத்து ஆட்டுப் பண்ணைகளுக்கு வேலிக்கம்பியும் தீவனமும் ஏற்றிப்போன லொறிச் சாரதி. தென் அவுஸ்திரேலியாவில் போர்ட் ஒகஸ்ராவுக்கு வடக்கே, பழைய நெடுஞ்சாலையோரத்தில் ஆளில்லாமல் போன ஊர்களின் வரலாற்றைத் தமிழில் எழுத வேண்டும் என்பது உம்முடைய எண்ணம். நீர் கண்டதைச் சொல்வீர். நான் நூலகத்தில் தேடிச் சரிபார்ப்பேன்.

அந்த ஊர்கள் பிறந்த கதை எளிது. ஒட்டகமும் மாடும் ஒரு நாளில் நடக்கும் தூரத்துக்கு ஒரு கிணறு வேண்டும். கிணற்றடியில் ஒரு மதுக்கடை, ஒரு கொல்லன் பட்டறை, பிறகு ஒரு தபால் கந்தோர். நல்ல மழை பெய்த சில ஆண்டுகளில், உழுத நிலத்தைத் தேடி மழை வரும் என்று நம்பிக் கோதுமை விதைக்க ஆட்கள் வந்தார்கள். தெருக்களை அளந்தார்கள். பூங்காவுக்கும் மயானத்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். மழை வரவில்லை. மயானம் மட்டும் பயன்பட்டது.

ரயில் வந்தபோது, நீராவி இயந்திரத்துக்குத் தண்ணீர் வேண்டியிருந்ததால் சில ஊர்கள் தப்பிப் பிழைத்தன. டீசல் வந்ததும் அவையும் தேவையில்லாமல் போயின. கடைசியில் தார் போட்ட புதிய சாலை வந்து, மிச்சமிருந்தவற்றைத் தொடாமலே விலகிப் போயிற்று. வண்டிகளின் வேகம் கூடக் கூட, இடையில் இருந்த ஊர்களில் நிற்க யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. இதை நான் வாசித்துக் காட்டியபோது நீர் கேட்டது நினைவிருக்கிறதா?

“அண்ணை, எங்கட ஊர் வெறுமையாகேக்கை எவ்வளவு சத்தம். இதுகள் ஒரு சத்தமும் இல்லாமல் வெறுமையாகியிருக்கு. எது மோசம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்.”

நான் அந்தக் கேள்வியை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

என்னுடைய முறை உமக்குத் தெரியும். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அட்டை. இரண்டு ஆதாரம் இருந்தால் ‘உண்டு’. ஒன்று மட்டும் என்றால் ‘ஐயம்’. ‘இல்லை’ என்று எழுத எனக்குக் கை வந்ததில்லை. பெட்டியில் பாதிக்கு மேல் ‘ஐயம்’தான். “அண்ணையைக் கேட்டால் மெல்பேர்னும் ஐயம்தான்” என்று நீர் பகிடி பண்ணுவீர்.

அப்படிப்பட்ட நான் ‘இல்லை’ என்று எழுதிய ஒரே ஊர் உம்முடைய கதவூர்.

நீர் அந்தக் கதையைக் கூட்டத்தில் சொன்ன நாள் அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. இந்த நாட்டுக்கு வந்து லொறி ஓட்டத் தொடங்கிய புதிது என்றீர்.

“றேடியேற்றர் குழாய் வெடிச்சிட்டுது. வெயில் எண்டால் அப்பிடி ஒரு வெயில். பாத்தால் ஒரு கதவுநிலை நிக்குது. வீடில்லை, சுவரில்லை, கல்லாலை கட்டின நிலை மட்டும். பக்கத்திலை நிலவறை. இறங்கினால் உள்ளுக்கை குளிர்ந்து கிடக்குது. பின்னேரம் வரைக்கும் அதுக்கைதான் இருந்தனான். இல்லாட்டி அண்டைக்கே என்ர கதை முடிஞ்சிருக்கும்.”

ஊரின் பெயர் உமக்குத் தெரியாது. கதவூர் என்று நீரே வைத்துக்கொண்டீர். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஓட்டத்திலும் அந்த நிலவறையில் ஓர் இரும்புக் கலனில் தண்ணீர் நிரப்பி வைத்ததாகச் சொன்னீர். கலனில் வெள்ளைப் பெயின்றால் ஆங்கிலத்தில் ஒரு சொல், அதன் கீழே தமிழில் ‘தண்ணி. குடிச்சிட்டு மூடி வையுங்கோ’.

“தமிழ் ஆருக்கு ராசன், கங்காருவுக்கோ?” என்று யாரோ கேட்டார்.

“ஆர் கண்டது, எங்கட ஆள் ஒராள் வந்தால்?” என்றீர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டேன். கடைசியாகப் பெற்றோல் நிரப்பும் செற்றிலிருந்து அறுபத்துமூன்று கிலோமீற்றர், மீற்றர் பார்த்தது என்றீர். படம் இல்லை. அந்த ஓட்டம் நின்ற பிறகுதான் உம்மிடம் படம் எடுக்கும் போன் வந்தது.

சென்ற ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் மகள் கல்யாணி என்னைக் காரில் கூட்டிப்போனாள். கார் மீற்றர் அறுபத்துமூன்று காட்டிய இடத்தில் இறங்கினோம். சுற்றிவர உப்புப் புதரும் சிவந்த மண்ணும்தான். முன்னே ஐந்து, பின்னே ஐந்து கிலோமீற்றர் போய்ப் பார்த்தோம். ஒரு கல்கூட இல்லை. திணைக்களத்தில் மற்றவர்கள் வெயிலில் அளந்து வருவார்கள், நான் மேசையில் இருந்து வரைவேன். நானே காலால் மிதித்து ஓர் இடத்தைச் சரிபார்த்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமை என் தலைக்கு ஏறியிருக்க வேண்டும்.

திரும்பி வந்து அட்டையில் ‘இல்லை’ என்று எழுதினேன். எழுதியதோடு நிற்கவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தேன்: “நேரில் சென்று பார்த்தேன். அப்படியோர் ஊர் இல்லை.”

நீர் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தீர். பிறகு, “அண்ணை சொன்னால் சரி. வெயிலிலை மண்டை பிழைச்சுக் கண்டிருப்பன்” என்றீர். எல்லோரும் சிரித்தார்கள். நீரும் சிரித்தீர். அடுத்த வாரம் உம்மைக் ‘கதவூரான்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நீர் அதற்கும் “ஓம்” என்று திரும்பிப் பார்த்தீர். புதிய ஊர்க்கதை ஒன்றும் அதற்குப் பிறகு நீர் கொண்டுவரவில்லை. நான் அதைக் கவனித்தேன், ராசன். கவனித்தும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வீரோ என்ற பயம்.

மார்ச் மாதம் உம்முடைய இதயம் நின்றுவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு உம்முடைய வீட்டுக்கு வந்திருந்தேன். மற்றவர்கள் எழும்பிய பிறகு உம்முடைய மனைவி மலர் என் எதிரில் வந்து இருந்தார்.

“அண்ணை, ஒண்டு கேட்பன், குறை நினைக்கக் கூடாது. அந்த ஊர் உண்மையிலை இல்லையோ?”

“நான் போய்ப் பாத்தனான், பிள்ளை.”

“அண்டைக்குக் கூட்டத்தாலை வந்து அவர் சாப்பிடேல்லை. ‘ரண்டாந்தரமும் வரைபடம் வெண்டிட்டுது’ எண்டவர்.”

“ரண்டாந்தரமோ?”

அப்போதுதான் முதல் தரத்தின் கதையை மலர் சொன்னார். நீர் எனக்கு ஒருநாளும் சொல்லாத கதை. நீர் தஞ்சம் கேட்டு வந்த நாட்களில், நேர்காணல் செய்த ஓர் அதிகாரி உம்முடைய ஊரின் வரைபடத்தை மேசையில் விரித்தாராம். வீட்டிலிருந்து கடற்கரைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டாராம். அரை மணி நடை என்றீராம். ஆழமில்லாத கடல்நீர்க் களப்பின் குறுக்கே ஊர்ச்சனம் நடக்கும் ஒற்றையடிப் பாதை அரை மணிதான். வரைபடத்திலோ களப்பைச் சுற்றிப் போகும் தெரு மட்டும்தான் இருந்தது. அரை மணியில் யாராலும் போக முடியாது, எனவே நீர் அந்த ஊர்க்காரர் இல்லை என்று அவர் எழுதிவிட்டார். அந்த ஒரு வரியைத் திருத்த உமக்கு ஆண்டுகள் பிடித்தன.

“ஒரு கேள்விதான் கேட்டிருக்கோணும், அண்ணை. எந்தப் பாதையாலை போனனீர் எண்டு. அதை அந்த மனுசன் கேக்கேல்லை.” மலர் என்னைப் பார்க்காமல் தட்டை என் பக்கம் தள்ளினார். “வடையை எடுங்கோ.”

நானும் கேட்கவில்லை, ராசன்.

வடையைக் கையில் வைத்தபடி இருந்தேன். எந்தப் பாதையால்? நீர் புதிய சாலை என்று எப்போதாவது சொன்னீரா? பண்ணைகளுக்குப் பாரம் கொண்டுபோகிறவர் புதிய சாலையில் போய் என்ன செய்வார்? அதிகாரி விரித்த அந்த வரைபடத்தை வரைந்தது நானாக இருக்கலாம் என்றும் அன்று நினைத்தேன். களப்பைச் சுற்றிப் போகும் தெருவைத் தடித்த கோடாகவும், ஒற்றையடிப் பாதையை வரையாமலும் விடுவதுதானே எங்கள் விதி. ஒரு கோட்டை விட்டால் அதில் நடந்த ஆட்களும் விடுபட்டுப் போவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருக்க வேண்டுமா என்ன?

மறுநாள் காலை முதல் ரயிலில் நகரத்துப் பெரிய நூலகத்துக்குப் போனேன். பழைய தெருப்படம் கேட்டு வாங்கி விரித்தேன். அந்தப் பெற்றோல் செற் இருக்கும் சந்தியிலிருந்து பழைய சாலை மேற்கே பிரிந்து, உப்பேரியைச் சுற்றிப் போகிறது. புதிய சாலை கிழக்கே நேராகப் போகிறது. நான் அறுபத்துமூன்று கிலோமீற்றர் சரியாக அளந்தேன், வேறொரு சாலையில். பழைய கோட்டின் மேல் நூலை வைத்து அளந்தபோது, ஏறக்குறைய அதே தூரத்தில் ஊரைக் குறிக்கும் ஒரு சிறிய சதுரக் கட்டம். பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர். எந்த ஆளுநரின் மனைவியோ. நூலை எடுத்து மறுபடி அளந்தேன்.

மலரிடம் சொன்னேன்; யூலை விடுமுறையில் மலர், கல்யாணி, நான் மூவரும் போனோம். அந்த நிலம் இப்போது ஒரு பண்ணைக்குச் சொந்தம். பண்ணைக்காரியிடம் கல்யாணி அனுமதி கேட்டு வைத்தாள். கல்யாணி ஓட்ட, மலர் முன் கதிரையில். நான் பின்னால், மடியில் அந்தப் பழைய படத்தின் பிரதி.

“அப்பா, போன் இதிலை றோட்டே இல்லை எண்டு சொல்லுது” என்றாள் கல்யாணி.

“போனுக்கும் உங்கட அப்பான்ர குணம்தான்” என்றார் மலர்.

அந்தப் பயணத்தில் மலர் என்னைப் பகிடி பண்ணியது அப்போதுதான் முதல் முறை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அறுபத்துமூன்றில் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு ஐயம் வந்தது. கல்யாணி நிறுத்தவில்லை. அறுபத்தைந்தில், ஒரு சிறு மேட்டைத் தாண்டியதும், கதவுநிலை நின்றது. வீடில்லை, சுவரில்லை. நீர் சொன்னபடியே. (உம்முடைய மீற்றரில் இரண்டு கிலோமீற்றர் பிழை. என் குணம் உமக்குத் தெரியும், குறித்து வைத்திருக்கிறேன்.)

மலர் இறங்கிப் போய் அந்த நிலைக்குள் நின்றார். ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு மேலே அண்ணாந்து பார்த்தார். பிறகு, “உயரம் போதும், அவர் குனிய வேண்டியிருந்திராது” என்றார்.

நிலவறைக்குப் பதினொரு படி. என் முழங்கால் வலியோடு நின்றபடி இறங்க முடியாது. குழந்தைப்பிள்ளை போல் ஒவ்வொரு படியிலும் இருந்து இருந்து இறங்கினேன். உள்ளே குளிர்ந்து கிடந்தது. மூலையில் இரும்புக் கலன், அடியில் துரு, பக்கத்தில் வெள்ளை எழுத்து. ஆங்கிலச் சொல் உரிந்து போயிருந்தது. தமிழ் வாசிக்க முடிந்தது. ‘குடிச்சிட்டு மூடி வையுங்கோ.’

எங்கட ஆள் ஒராள் வந்தால் என்று நீர் எழுதி வைத்தீர். அங்கே வந்த எங்கட ஆள், அந்த ஊரே இல்லை என்று சொன்ன நான்.

கலன் காய்ந்திருந்தது. யாராவது குடித்தார்களா, காலம் குடித்ததா தெரியாது. மூடி மட்டும் இறுக்கமாக இருந்தது. காரில் இருந்த தண்ணீரைக் கல்யாணி போத்தல் போத்தலாகக் கொண்டுவந்தாள். கழுவி, நிரப்பி, நானே மூடினேன். ஒழுகுகிறதா என்று அடியை மூன்று முறை தடவிப் பார்த்தேன். ஒழுகவில்லை.

புதிய அட்டை எழுதிவிட்டேன். ஊர்: கதவூர். அளவையாளர் வைத்த பெயரை அதன் கீழே சின்னதாக எழுதியிருக்கிறேன். நிலை: உண்டு. ஆதாரம்: ராசன், லொறிச் சாரதி, நேரில் கண்டவர். இரண்டாவது ஆதாரத்துக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். என் பெயரை அங்கே எழுத மனம் வரவில்லை. பழைய அட்டையைக் கிழிக்கவும் இல்லை. புத்தகம் வரும்போது அதையும் படம் எடுத்துப் போடுவேன். யார் எழுதினார் என்பது தெரியட்டும்.

வருகிற வியாழக்கிழமை எழுந்து நின்று இந்தக் கடிதத்தை வாசிப்பேன். மற்ற அட்டைகளையும் திரும்ப எடுக்கப் போகிறேன். ‘ஐயம்’ என்று எழுதிய ஒவ்வொன்றிலும், சொன்னவர் உயிரோடு இருந்தால் போய்க் கேட்பேன், எந்தப் பாதையால் போனீர்கள் என்று. அடுத்த குளிர்காலமும் கதவூருக்குப் போவது என்று மலர் முடிவாகச் சொல்லிவிட்டார். கால் இடம் கொடுக்கும் மட்டும் நானும் போவேன். தண்ணீர் குறைந்திருந்தால் நிரப்புவேன். குடித்தவர் மூடி வைத்தாரா என்றும் பார்ப்பேன்.

கேட்க வேண்டியதைக் கேளாமல் விட்ட,
உம்முடைய அண்ணை,
கனகசபை
கிளென் வேவர்லி