அப்பா வைத்துவிட்டுப் போன ரிவால்வர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அம்மாவை முழங்கால் வலிதான் படுத்துகிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் சுகந்தானே? போன் அடித்தால் எடுக்க மாட்டாய். கடிதமென்றால் படித்துவிட்டாவது கிழிப்பாய்.

அப்பா போனபோது நீ வரவில்லை. அதைப் பற்றிக் கேட்க இதை எழுதவில்லை. போன வாரம் அவருடைய பீரோவை ஒழித்தேன். மேல்தட்டில், பழைய துண்டில் சுற்றி, அந்த ரிவால்வர். உரிமம் அப்பா பெயரில் இருக்கிறது, வாரிசு நாம் இரண்டு பேர். காவல் நிலையத்தில் கேட்டால், "பேர் மாத்திக்கிறீங்களா, விக்கிறீங்களா, ஒப்படைக்கிறீங்களா? சீக்கிரம் சொல்லுங்கம்மா" என்கிறார்கள். பழங்காலத்துச் சாமான், நல்ல விலை போகலாம் என்றும் ஒருவர் சொன்னார். உன்னைக் கேட்காமல் நான் எதுவும் செய்ய மாட்டேன்.

அம்மா தினமும் தபால்காரரைப் பார்க்கிறாள். பார்க்காதது போலப் பார்க்கிறாள்.

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. நாங்கள் சுகம். துறைமுகப் பட்டறையில் வேலை அதிகம், அதனால் தாமதம்.

அதை விற்றுக்கொள், இல்லை கடலில் போடு. எனக்குப் பங்கு வேண்டாம்.

நான் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது நீ விடுதியில் இருந்தாய், உனக்கு முழுதாகத் தெரியாது. அப்பாவின் கடைக்கு வர மாட்டேன், கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று அன்று சொன்னேன். அப்பா என் கண்ணெதிரே குண்டு போட்டு, என் நெஞ்சுக்கு நேரே பிடித்து, விசையை இழுத்தார். 'டிக்' என்றது. அவ்வளவுதான். குண்டு நமுத்துப்போயிருந்ததால் நான் உயிரோடு இருக்கிறேன்.

அப்பா முன்கோபி, எல்லாருக்கும் தெரியும். அவரைக்கூட விட்டுவிடுவேன். அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள், அக்கா. குறுக்கே வரவில்லை, ஒரு சத்தம் போடவில்லை. 'டிக்' கேட்டதும் திரும்பிப் போய் அடுப்பை அணைத்தாள். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஏப்ரல் 11

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. ஆனால் நடந்ததை நீ தெரிந்துகொண்டே ஆக வேண்டும், பொறுமையாகப் படி.

காவல் நிலையத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, பழைய துப்பாக்கிகளை மதிப்பிடுகிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான ஆள், பேச்சும் சன்னம். முதலில் குண்டு இல்லையென்று உறுதி செய்துகொண்டார். பிறகு கூடத்து மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு முத்திரையாகப் படித்தார். "பாலிஷ் எதுவும் போடலையே? நல்லவேளை" என்றார். சட்டகத்திலும் குழலிலும் குண்டு போடும் உருளையிலும் ஒரே எண். எல்லாம் ஆதியில் ஒன்றாகச் செய்தவை, நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். கப்பல் தலைவர் ஒருவர் தாத்தாவுக்கென்றே செய்வித்துக் கொடுத்தார் என்று அப்பா அளந்தாரே, அது சுத்தப் புளுகு. அந்தக் காலத்தில் கடைகடையாக விற்ற ரகமாம். இருந்தாலும் நல்ல விலைதான் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"இதை யாரோ அராவியிருக்காங்கம்மா. விசையை இழுத்தா வந்து அடிக்கிற சுத்தியல் மூக்குல ஒரு முள் இருக்கும். அது குத்தினாத்தான் குண்டு வெடிக்கும். அந்த முள்ளே இல்ல. அரம் போட்ட தடத்துமேல துரு ஏறிப்போயிருக்கு, ரொம்பப் பழசு. இது சுடாது. விலையும் பாதிதான் வரும்."

அப்போது அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "நான்தான் அராவினேன்" என்றாள், உப்பு போட்டது நான்தான் என்பது போல.

வந்தவர் போன பிறகு அம்மாவைக் கேட்டேன். நீ வயிற்றில் இருக்கும்போது, மதில் தகராறில் அப்பா பக்கத்து வீட்டுக்காரர்மேல் இதை நீட்டியிருக்கிறார். மறுநாள் அப்பா வெளியூர் போனதும், அவருடைய அரத்தை எடுத்தே அம்மா வேலையை முடித்திருக்கிறாள். அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

"அப்ப ஏம்மா அன்னிக்கு அப்படியே நின்னே?" என்றேன்.

"நான் பதறி ஓடினா துப்பாக்கியைக் கீழ போட்டுட்டுக் கடப்பாரையை எடுத்திருப்பாருடி. இந்த வீட்டுல யாரையும் காயப்படுத்த முடியாதது அது ஒண்ணுதான். அவர் கையில அதுவே இருக்கட்டும்னு நின்னேன். அடுப்பை அணைக்கப் போனது, கால் நிக்கலை, எதையாவது பிடிச்சுக்கணும்னு."

"தம்பிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? உங்கப்பா நிஜமாவே சுட்டாருடா, நான்தான் கெடுத்துவச்சிருந்தேன்னா? குண்டு நமுத்துப்போச்சுன்னோ, அப்பா சும்மா மிரட்டினாருன்னோ அவன் நினைச்சுக்கட்டும்னு இருந்துட்டேன்."

நீ அம்மாமேல் கோபமாயிருப்பது அவளுக்குத் தெரியும், தம்பி. ஏற்றுக்கொண்டாள்.

உன் அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாலைந்து தாள் கிழித்துவிட்டேன். பட்டறையில் நானும் அரம் பிடிக்கிறவன்தான். பழக்கமில்லாத கை எஃகை அராவினால் என்னவாகுமென்று எனக்குத் தெரியும். அம்மா கை அன்று என்ன பாடு பட்டிருக்கும்!

அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். நமுத்த குண்டென்று தெரிந்துதான் இழுத்தாரோ என்று மனசின் ஓரத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது, உன் கடிதத்துக்குப் பிறகு அதுவும் போய், இன்னும் கஷ்டமாகிவிட்டது. அது வேறு கணக்கு. ரிவால்வரை ஒப்படைத்துவிடு, அந்தப் பாதி விலையும் நமக்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். யாரென்று முன்கூட்டியே சொல்லிவிடு, திகைத்துப்போகக் கூடாது. எனக்குத்தான் என்ன பேசுவதென்று தெரியவில்லை. "சாப்பிட்டியா" என்று அவளே ஆரம்பித்துவிட்டால் பிறகு சமாளித்துக்கொள்வேன்.

உன் தம்பி