அளவு நோட்டில் நாற்பத்தொரு மோட்டார்

சனிக்கிழமை, மதியம்

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் கடையிலுள்ள ஆறு தையல் மெஷின்களும் நலம். உன் நலம் என்னவென்று நீயாக எழுதினால்தான் உண்டு. போனில் கேட்டால் "ம்", "சரி", "அப்புறம் பேசறேன்" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறாய். அறையில் கூட இருக்கும் இரண்டு பேரும் அதே கம்பெனிக்காரர்கள், காதை இந்தப் பக்கம்தான் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பேப்பரில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் கையெழுத்து, அழிக்க உனக்கு மனசு கஷ்டமாக இருக்காது.

முதலில் நல்ல செய்தி. எனக்கு வேலை உயர்ந்திருக்கிறது. துணி வெட்டிக்கொண்டிருந்த நான் மூன்று நாளாக ஒரு பம்ப் கம்பெனிக்கு மேனேஜர். இன்டர்வியூ கூட இல்லை. உன்னை அனுப்பிவைத்த ஏஜென்ட், அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர், நேராக வந்து நான் துணி வெட்டும் மேஜை மேலேயே ஏறி உட்கார்ந்து (அங்கே யாராவது உட்கார்ந்தால் எனக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வரும் என்று உனக்குத் தெரியும்) என்னை நியமித்துவிட்டுப் போனார்.

படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் நீ என் கடையில் இருந்த மூன்று வருடத்தை அவர் ஓட்டை என்கிறார். இன்ஜினியர் பிள்ளைகளுக்கு உலகம் முழுக்கக் கதவு திறந்திருக்கிறதாம், ஆனால் ஓட்டை இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்களாம். அதை அடைக்கத்தான் இல்லாத கம்பெனியின் பெயரில் அனுபவச் சான்றிதழ் அடித்தார். அது எனக்கும் தெரிந்ததுதான், கிளம்பும்போதே சொன்னாய். அந்தக் காகிதத்தின் தலையில் ஆபீஸ் நம்பர் என்று போட்டிருப்பது என் போன் நம்பர் என்பதை மட்டும் இரண்டு பேரும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். விமான நிலையத்தில் நீ, "அக்கா, தெரியாத நம்பரா இருந்தாலும் எடுத்துடு" என்றாயே, நீதான் வேறு வேறு நம்பரிலிருந்து கூப்பிடப்போகிறாய் என்று நினைத்து நான் அங்கேயே உருகிப்போய் நின்றேன். உருகினதை எல்லாம் திருப்பிக் கொடு.

ஆட்களைச் சரிபார்க்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறதாம், அங்கிருந்து எனக்குப் போன் வருமாம். நான் என்ன சொல்ல வேண்டும் என்று கண்ணாடிக்காரர் எழுதிக்கொடுத்ததை ஒரு காலர் அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். "ஆமாம், எங்களிடம் மூன்று வருடம் இருந்தார். நல்ல உழைப்பாளி. அவராகவே விலகினார்." பொத்தான் துளை தைக்கும் நம் காஜா இருக்கிறாளே, அவள்தான் போன் பண்ணுகிறவளாக நடித்து எனக்குப் பயிற்சி கொடுக்கிறாள். கேள்வியை முடிக்கும் முன்னே சிரித்துத் தொலைக்கிறாள். ஆபீஸ் என்றால் சத்தம் இருக்கக் கூடாதாம். அதனால் என் போன் அடித்ததும் காஜா கையைத் தூக்குவாள், ஆறு மெஷினும் நின்றுவிடும். நேற்று அப்படி எல்லாம் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "வணக்கம், மேனேஜர் பேசறேன்" என்று எடுத்தால், ஜிப் விற்கிறவர். "எப்பக்கா மேனேஜர் ஆனீங்க, சொல்லவே இல்லையே" என்றார்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

நன்றாகச் சாப்பிடு. ஏற்கெனவே உனக்கு அளவெடுத்தால் டேப் வீண்.

இப்படிக்கு,
உன் முன்னாள் மேனேஜர்


செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. நான் ஒரு பக்கம் எழுதினால் நீ மூன்று வரி எழுதுகிறாய். படித்தவர்கள் சிக்கனம்.

முதல் வரி: "நல்லா இருக்கேன்." சந்தோஷம்.

இரண்டாவது வரி: "தையல் கடைன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாதக்கா, மானம் போயிடும்." சரி. இதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. காஜாவிடம் படித்துக் காட்டியபோது அந்த வரியை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

மூன்றாவது வரியைத்தான் நேற்றிலிருந்து திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். சான்றிதழில் உயர் அழுத்த மின்சாரத்தைப் பரிசோதிக்கும் வேலை பார்த்ததாகப் போட்டிருப்பதால், அடுத்த மாதத்திலிருந்து உன்னை அந்த அறையில் தனியாக விடப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். பக்கத்தில், "பார்த்துக்கலாம்" என்று ஒரு சொல்.

பார்த்துக்கலாம் என்றால் என்னடா? எங்கே பார்ப்பாய்?

இங்கே கடை மோட்டாரைத் திறக்கும் முன் நீ என்ன செய்வாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. ஸ்விட்சை அணைத்தால் போதாது என்று ப்யூஸையும் பிடுங்கி உன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். "இது என் பையில இருக்கிற வரைக்கும் எவனும் போட முடியாதுக்கா" என்பாய். ஒரு தடவை அதோடு சாப்பிடப் போய்விட்டாய், கடை முழுக்க இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தையல் மெஷின் மோட்டாருக்கே அப்படிப் பயந்தவன். இப்போது எவ்வளவு கரண்ட் என்று கூட எனக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் புரியாது. ஆனால் நீ சொல்லாமல் விட்டது புரிகிறது.

இன்று காலை பத்து மணிக்கு அந்தப் போன் வந்துவிட்டது. நம் பாஷையிலேயே பேசுகிறாள், சின்னப் பெண் குரல், மரியாதையான பேச்சு. காஜா கையைத் தூக்கினாள், மெஷின்கள் நின்றன, அந்த அமைதியில் எனக்கு அட்டையில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. "மேனேஜர் வெளியே போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். மேனேஜரே நான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவள் கோபப்படவில்லை. வியாழன் பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறாளாம். "உயர் அழுத்த டெஸ்டிங்ல அவர் தனியா வேலை பார்த்திருக்காரான்னு மட்டும் உங்க மேனேஜர் சொன்னா போதும் மேடம். ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை" என்றாள்.

உன் மாமாவிடம் சொன்னேன். வேனைக் கழுவிக்கொண்டே, "ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போ. பையன் இப்பதான் தலையெடுக்கறான்" என்றார். கண்ணாடிக்காரரும் அதையேதான் சொல்கிறார், என்ன, கொஞ்சம் உரக்கச் சொல்கிறார்.

நான் உன்னைக் கேட்கிறேன். அந்த மாதிரி அறைக்குள் நீ இதுவரை ஒரு நாளாவது வேலை செய்திருக்கிறாயா? காலேஜிலாவது? ஒரு வரி எழுது. வியாழனுக்கு முன்னால் எழுது.

இப்படிக்கு,
இன்னும் வெளியே போயிருக்கும் மேனேஜர்


வியாழக்கிழமை, பகல் ஒரு மணி

அன்புத் தம்பிக்கு,

எங்கேயாவது உட்கார்ந்து இதைப் படி. பாதியில் போனைத் தூக்கி எறியாதே. முழுக்கப் படித்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நான் உனக்குப் பல் முளைக்கும் முன்பிருந்தே கேட்டுப் பழகியவள்.

நேற்று உன்னிடமிருந்து வந்தது இரண்டே சொல். "ஆமான்னு சொல்லு." நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன், உன் மேல் ஆணை. காலையிலிருந்து துணியைத் தொடவில்லை. "ஆமாம், ஆமாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கடையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு தயங்கியிருக்க மாட்டீங்க" என்றாள் காஜா.

பதினோரு மணிக்குச் சரியாக அடித்தது. மெஷின்கள் நின்றன. அந்தப் பெண் உன் பெயரைச் சொன்னாள், சேர்ந்த தேதி, விலகிய தேதி சொன்னாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். கடைசியில் கேட்டாள், "உயர் அழுத்த டெஸ்டிங்ல, கூட யாரும் இல்லாம, தனியா வேலை பார்த்திருக்காரா மேடம்?"

தம்பி, அந்த ஒரு ஆமாம்தான் உன்னை அந்த அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தும். அது என் வாயிலிருந்து வர வேண்டும். எனக்கு வரவில்லை.

"இது தையல் கடைம்மா. நான் அவன் அக்கா" என்றேன்.

காஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்பெனி கிடையாது, அந்தக் காகிதம் பொய், அந்த அறை மாதிரி ஒன்றை அவன் பார்த்ததே இல்லை, தயவுசெய்து தனியாக விட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். "அப்போ இந்த மூணு வருஷம் அவர் என்னதான் செஞ்சாரு மேடம்?" என்று கேட்டாள். நான் மேனேஜர் இல்லை என்று தெரிந்த பிறகும் மேடம் என்றுதான் சொன்னாள்.

அதற்கு எனக்கு அட்டை தேவைப்படவில்லை. நம் கடை இருக்கும் கட்டடத்துத் தண்ணீர் பம்ப் கதையைச் சொன்னேன். மாதம் ஒரு தடவை அது கருகும், மெக்கானிக் வந்து புதுக் கம்பி சுற்றிவிட்டுப் போவார், மறு மாதம் மறுபடி கருகும். நீ மூன்று நாள் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாய். நோயாளிக்குத் துணை இருப்பது போல இருக்கிறான் என்று நான்தான் கேலி செய்தேன். நான்காம் நாள், "மோட்டார்ல ஒண்ணும் இல்லைக்கா, வர்ற லைன்லதான் கோளாறு" என்றாய். மூன்று லைனில் ஒன்று அவ்வப்போது விட்டுப்போகிறது, மிச்சம் இரண்டை வைத்துக்கொண்டு மோட்டார் முக்கி முக்கிச் சுற்றிக் கருகுகிறது என்று வெட்டும் மேஜையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினாய். லைன் போனால் மோட்டாரை நிறுத்துகிற மாதிரி ஏதோ ஒரு பெட்டியை மாட்டினாய். இன்று வரை அது கருகவில்லை.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். இதற்கெல்லாம் எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றாள். அப்போதுதான் அளவு நோட்டு ஞாபகம் வந்தது. உனக்கென்று தனி நோட்டு வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று என் நோட்டிலேயே கிறுக்குவாயே, அது. எடுத்துப் படித்தேன். "மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பத்துநான்கு, கை இருபத்துமூன்று. அச்சகத்து மோட்டார், இழுக்கும் கரண்ட் ஆறு புள்ளி இரண்டு, சத்தம், பேரிங் மாற்றியது, மறுநாள் ஐந்து புள்ளி ஒன்று." அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். எத்தனை மோட்டார் என்று கேட்டாள். போனைப் பிடித்துக்கொண்டே காஜாவும் நானும் எண்ணினோம். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டிருக்கிறாய். கோளாறு கண்டுபிடிக்க முடியாத இரண்டுக்கு, "தெரியவில்லை" என்றும் எழுதியிருக்கிறாய். அதையும் படித்துக் காட்டினேன்.

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க சொன்னதை நான் எழுதித்தான் ஆகணும் மேடம். மறைக்க முடியாது. திங்கட்கிழமை அனுப்பிடுவேன். அதுக்குள்ள அவரே அவரோட கம்பெனிக்கு உண்மையை எழுதி, இந்த நோட்டையும் வெச்சு, எனக்கும் ஒண்ணு அனுப்பினா, நானும் அதைச் சேர்த்து வெப்பேன்." வேலை போய்விடுமா என்று கேட்டேன். "போகலாம் மேடம். எனக்குத் தெரியாது" என்றாள். பொய் சொல்லாமல் பேசுகிறாள், பாவம், அட்டையைப் பார்த்துப் பேசுகிற என் மாதிரி அக்கா அவளுக்கு இல்லை போலிருக்கிறது.

போனால் போகட்டும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ அந்த வேலைக்கு எத்தனை இன்டர்வியூ கொடுத்தாய், ஒவ்வொன்றுக்கும் நான் தைத்த அதே நீலச் சட்டையை எத்தனை தடவை தோய்த்துப் போட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது உன் வயிற்றில் அடித்தது போலத்தான் இருக்கும். விஷயத்தைக் கேட்டதிலிருந்து உன் மாமா என்னோடு பேசவில்லை. கண்ணாடிக்காரர் எட்டு தடவை கூப்பிட்டுவிட்டார். இப்போது போன் அடித்தாலும் யாரும் மெஷினை நிறுத்துவதில்லை.

நோட்டின் பக்கங்கள் எல்லாவற்றையும் படம் பிடித்து இதோடு அனுப்பியிருக்கிறேன். முப்பத்தேழு படம். சில படங்களில் காஜாவின் விரலும் இருக்கும், மன்னித்துவிடு. திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ எழுது. யாரோ எழுதிக்கொடுத்ததை வேண்டாம், உன் கையால் எழுது. அந்த அறையைப் பற்றி எனக்குத் தெரியாது, கூட ஆள் வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று கேள். இரண்டு மோட்டாருக்குத் "தெரியவில்லை" என்று எழுதினவன்தானே நீ.

மானம் போயிடும் என்று எழுதினாயே, அதைப் பற்றி எழுதப்போவதில்லை என்றேன். ஒன்று மட்டும் எழுதுகிறேன். இந்தத் தெருவில் இன்றைக்கும் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டால், "மோட்டார் தம்பி எப்படி இருக்கார்?" என்றுதான் கேட்கிறார்கள். நான், "வெளிநாட்டுல இருக்கான்" என்கிறேன். அதைவிட, "இதை அவன்தான் சரி பண்ணினான்" என்று சொல்லும்போதுதான் எனக்குக் கழுத்து நிமிர்கிறது.

கோபம் இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது. கடிதம் வராத நாளில் நான் இரண்டு இடது கை வெட்டுகிறேன். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, முழுசாக இரு. எந்த அறைக்குள் போனாலும் சரி, போகும் முன் ப்யூஸைப் பிடுங்கி உன் பையில் போட்டுக்கொள். நாங்கள் எவ்வளவு நேரமானாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
மேனேஜர் வேலையை விட்டுவிட்ட
உன் அக்கா