கடக்காமல் நின்றவர்கள்

இன்று காலை நம் ஜங்ஷனில் சீப்ரா கோடுகளுக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். அந்தப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது, கூடவே எரிச்சலும். செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். உனக்கு அந்தச் சலுகையைத் தருவதாக இல்லை.

சிக்னல் நேரத்தை மாற்றுவதற்கு முன் கணக்கெடுக்க ஆபீசில் நம் இருவரையும் இங்கேதான் நிறுத்தினார்கள். இடப்பக்கம் திரும்பும் வண்டிகளை நீ எண்ணினாய், சாலையைக் கடப்பவர்களை நான். நடப்பவர்களுக்கும் திரும்பும் வண்டிகளுக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழும். பஸ் மூக்கை நுழைத்ததும் வயதானவர்கள் எடுத்துவைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். அடுத்த பச்சையிலும் அதே கதைதான். சிலர் சலித்துப்போய் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். அவர்களை எழுதத் தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் கோடு போட்டு வைத்தேன்.

நீ சிரித்தாய். "கடந்தவன எண்ணுடே. நிக்கவன எண்ண இது என்ன ரேஷன் கடையா?"

அறிக்கை எழுதியதும் நீதான். என் ஓரக் கோடுகளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இங்கே கடப்பவர்கள் குறைவு, அந்தச் சிலராலேயே வண்டிகள் திரும்ப முடியாமல் தேங்குகின்றன என்று எழுதினாய். வண்டிக்குப் பயந்து நின்றவர்கள் உன் அறிக்கையில் பிறக்கவே இல்லை. கேட்டதற்கு, "விட்டுத்தள்ளு டே, இதெல்லாம் ஆரு வாசிக்கா?" என்றாய். வாசித்தார்கள். நடப்பவர்களின் பச்சையைப் பாதியாகக் குறைத்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில், அந்தக் குறைந்த பச்சையில் பாதி தூரம் வந்திருந்த என் மனைவியைத் திரும்பிய வேன் ஒன்று இடித்தது. இடுப்பு எலும்பு முறிந்தது. நீ நேந்திரம் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலருகே நின்று கேட்டாய்: "பச்சை கெடந்துச்சுல்லா மைனி, கொஞ்சம் ஓடியிருக்கலாம்லா?"

முட்டிவலிக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது? அன்றோடு உன்னிடம் பேச்சை விட்டேன். நெஞ்சுவலியில் நீ போனபோது வந்தேன், மாலை போட்டேன். தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை.

இப்போதும் வாரம் இரண்டு நாள் அவளை பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு இங்கேதான் கடக்கிறேன். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையால் என் முழங்கையைப் பிடித்திருப்பாள். பாதியில் சிவப்பு விழும். நாலு பக்கமும் ஹாரன் அலறும். அவளுக்கு மூச்சு வாங்கும். அந்த மூச்சிலேயே திட்டுவாள்: "எந்த வெளங்காதவன் இந்த சிக்னலுக்கு டைம் வச்சானோ, அவன் கை வெளங்காமப் போவ!"

"ஆமா" என்பேன்.

அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. தெரிந்தேதான் போட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.